நாயோடு புதுச்சேரி – கட்ச் 40 நாள் வேன் பயணம்: கிளம்பும் முன் சரிசெய்ய வேண்டியவை

லாஸ்பேட்டை வேன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வண்டி ஃபோர்ஸ் டிராவலர், 3350 வீல்பேஸ். கட்டில், சமையல் மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி முடிந்தது. மின்வேலையும் நாய்க்கான இடமும் பாக்கி. பெரியவர்கள் இரண்டு பேர், நாலு வயது லாப்ரடார் ஒன்று, 26 கிலோ. ஜனவரி முதல் வாரம் கிளம்புகிறோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு, அங்கிருந்து 48ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹூப்ளி, கோலாப்பூர், புனே, சூரத், அகமதாபாத், பிறகு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருக்கும் பூஜ். திரும்பும்போது மைசூர், ஊட்டி பார்க்க ஆசை.

திட்டம்: 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, கூரையில் 335 வாட் சோலார் பலகை இரண்டு, 2000 வாட் இன்வெர்ட்டர், முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி. முதல் கேள்வி: சாப்பிடவோ கோயிலுக்கோ போகும்போது ஏசியைப் போட்டு நாயை உள்ளே விட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும்? கூண்டு, தடுப்பூசி, காகிதங்கள் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கெடிலக்கரை

கணக்கைப் போட்டுவிடலாம் சார். 200 × 12.8 = 2,560 வாட்-அவர். அதில் 90 சதவீதம் எடுத்தால் 2,300. அன்றாடச் செலவு முதலில்:

40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், நாள் முழுக்க, வெயில் காலத்தில் 500 முதல் 600.
25 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, 12 மணி நேரம்: 600.
கூரை எக்ஸாஸ்ட் விசிறி, 3 ஆம்பியர், 10 மணி நேரம்: கிட்டத்தட்ட 380.
விளக்கு, பம்ப், போன்: 200.

சுமார் 1,750 போய்விட்டது. மிச்சம் 550. முக்கால் டன் ஏசி சராசரி 600 வாட் இழுக்கும், இன்வெர்ட்டர் நஷ்டம் 10 சதவீதம் தனி. ஆக, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பேட்டரி முழுதாக இருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசி மட்டும் ஓட்டினால் மூன்றரை மணி நேரம். அது காகிதக் கணக்கு. வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் அந்த ஏசி 600 வாட்டில் அடங்காது, 800 தாண்டி இழுக்கும்.

வரவு: கூரையில் படுக்கையாகப் பதித்த 670 வாட் பலகை ஜனவரி வெயிலில் ஒரு நாளைக்கு 1,900 போல் தரும், தூசி தட்டியிருந்தால். ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டால் நாலு மணி நேர ஓட்டத்தில் 1,600. ஓடும் நாளில் கவலையில்லை. ஒரே இடத்தில் மூன்று நாள் நின்றால்தான் கையைக் கடிக்கும்.

இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் 70 சதுர மி.மீ., ஒன்றரை மீட்டருக்குள். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 250 ஆம்பியர் ஃபியூஸ். 2000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல். வீட்டு வயரிங் செய்பவர்கள் 25 சதுர மி.மீ. போதும் என்பார்கள். கேபிள் முனையில் இருக்கும் லக் உருகி வாசனை வரும்போதுதான் தெரியும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது.

லாஸ்பேட்டை வேன்

நன்றி அண்ணே. அப்படியென்றால் 400 ஆம்பியர்-அவர் போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?

கெடிலக்கரை

பேட்டரி அளவு இரண்டாம் பட்சம். நீங்கள் இல்லாத நேரத்தில் என்னவெல்லாம் நிற்கும் என்று பாருங்கள். இன்வெர்ட்டர் சூடேறித் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் காற்றோட்டமில்லாமல் வைத்தால் இது கட்டாயம் நடக்கும். ஏசியின் வெளி யூனிட்டுக்கு முன் சுவர் இருந்தால் கம்ப்ரஸர் டிரிப். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காப்புச் சுற்று எச்சரிக்கை இல்லாமல் துண்டிக்கும். வெளி மின்சாரத்தில் ஓட்டினால் கரண்ட் கட், திரும்ப வரும்போது ஏசி தானாக ஆரம்பிக்காத மாடல். ஒவ்வொன்றும் சின்னக் கோளாறுதான், நமக்கு எரிச்சலோடு போகும். மூடிய வண்டிக்குள் நாய்க்கு அரை மணி நேரம்தான் கெடு.

சிம் போட்ட வெப்பநிலைக் கருவி வாங்குங்கள், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக். எச்சரிக்கையை 28 டிகிரியில் வையுங்கள். 35இல் வைத்தால் நீங்கள் ஓடி வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

பாகூர் நாட்டுநாய்

கொஞ்சம் மிகையாக எழுதுகிறீர்களோ? ஜனவரியில் கட்ச் பகலே 25, 27 டிகிரிதான். காலையில் நிழலில் நிறுத்தி, கூரை எக்ஸாஸ்ட் ஓடினால் ஏசியே வேண்டாம்.

மாட்டாஸ்பத்திரி

பாகூராரே, பாதி சரி. நாய்க்கு உடம்பில் வியர்வை கிடையாது, மூச்சிரைத்து நாக்கு ஈரம் ஆவியாவதால்தான் சூடு இறங்கும். கடலூர், புதுச்சேரியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் 33 டிகிரியில் மின்விசிறி மட்டும் உதவாது. நாய் இரைத்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. கட்ச் வறண்ட காற்று. அதே 33இல் ஈரத் துணி விரித்த தரையும் மின்விசிறியும் நன்றாக வேலை செய்யும். ஆகவே வழியில் ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. கொங்கண் பக்கம் கடலோரம் இறங்கினால் நம்மூர் விதி.

ஆனால் 25 டிகிரி என்பது வெளியில். வெயிலில் மூடி நிற்கும் கண்ணாடி வண்டிக்குள் அரை மணியில் 40ஐத் தொடும். காலையில் விழுந்த நிழல் பத்து மணிக்கு இடம் மாறிவிடும். என் கருத்து: காலை 9க்கு முன், நிழல், எக்ஸாஸ்ட் ஓட்டம், கூப்பிடு தூரத்தில் ஒருவர், அதிகம் 20 நிமிடம். மற்ற நேரம் இருவரில் ஒருவர் நாயோடு. முறை வைத்துக்கொண்டு சாப்பிடுவது ஒன்றும் கஷ்டமில்லை. பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு இனமென்றால் இந்த 20 நிமிடமும் கிடையாது.

நாயின் சாதாரண வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104 தாண்டி, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. முதலில் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி மேலே காற்று வீசச் செய்யுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மலக்குடல் வழி தெர்மாமீட்டரில் 103 வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தாண்டிக் கீழே போகும். பிறகு நேராக மருத்துவரிடம். எழுந்து வாலாட்டினாலும் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு அடுத்த நாள்தான் தெரியும்.

பாகூர் நாட்டுநாய்

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். எக்ஸாஸ்ட் பற்றி ஒன்று: மேலே உறிஞ்சினால் போதாது, கீழே காற்று நுழைய வழி வேண்டும். நிழல் பக்கத்து ஜன்னலைக் கொசுவலையோடு ஒரு சாண் திறந்து வையுங்கள், கூண்டு அந்தப் பாதையில் இருக்கட்டும். எல்லா ஜன்னலையும் திறந்தால் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்து ஜன்னல் காற்றையே அது சுற்றிச் சுற்றி இழுக்கும், தரையில் அசைவே இருக்காது. முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாளை வெளிப்பக்கம் போடுங்கள். உள்ளே போட்டால் கண்ணாடி சூடாகி அந்தச் சூடு உள்ளேதான் இறங்கும்.

முதுநகர் பட்டறை

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டரில் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் தன் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 26 கிலோ நாய் 500 கிலோ. கூண்டு எடை தனி. இதைப் பிளைவுட் தரையில் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ நாலு போட்டுப் பிடிப்பது வேலைக்கு ஆகாது. பிளைவுட்டோடு பிய்த்துக்கொண்டு டிரைவர் முதுகுக்கு வரும்.

செய்ய வேண்டியது: எம்-10, 8.8 கிரேடு போல்ட் நாலு, தரையைத் துளைத்துக் கீழே குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில். அடியில் 75 மி.மீ. சதுரம், 4 மி.மீ. கனத் தகடு, நைலாக் நட். மேலே ஐ-போல்ட் வைத்துக் கூண்டை ராட்செட் பெல்ட்டால் இறுக்கலாம், கழற்றவும் வசதி. துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டியூப், பிரேக் டியூப், வயர் கட்டு எங்கே போகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளை விளிம்பில் பிரைமர் அடித்து பி.யூ. சீலன்ட் வைக்காவிட்டால் நம்ம உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு வளையம் வரும்.

இடம்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில். பின் கதவை ஒட்டி இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே வைப்பார்கள். டிராவலரில் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதி நீளம், ஒவ்வொரு வேகத்தடையிலும் அங்கே இருப்பவர் ஒரு அடி எழும்புவார். நாய் வாந்தி எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அளவு: மூக்கிலிருந்து வால் அடி வரை நீளம், அதோடு 10 செ.மீ. நின்றால் தலை உயரம், அதோடு 5 செ.மீ. தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால் பிரேக் பிடிக்கும்போது உள்ளேயே உருண்டு அடிபடும். தரையில் 5 மி.மீ. ரப்பர் ஷீட். வினைல் தரையில் லாப் நகம் பிடிக்காது, நாள் முழுக்கக் காலை ஊன்றி ஊன்றித் தொடை வலி வந்துவிடும்.

கூண்டு வேண்டாம், சீட்டில் பெல்ட் போடுவேன் என்றால் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் மட்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால் அது தூக்குக் கயிறு.

கெடிலக்கரை

தரை உயரத்தில் இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. நின்றுகொண்டு வேலை பார்க்கும் நமக்கு இரண்டுமே தெரியாது.

ஒன்று கேஸ். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். நமக்கு வாசனை எட்டும் முன் கீழே படுத்திருக்கும் நாய் அதற்குள்தான் மூச்சு விடும். கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். சிலிண்டர் அறை உள்பக்கம் முழுதாக அடைபட்டு, வெளியிலிருந்து மட்டும் திறக்க வேண்டும், அதன் அடித்தட்டில் தெருவைப் பார்த்த துளை வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதும். ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டு.

இரண்டாவது கரண்ட் கசிவு. லாட்ஜ், தாபா, பங்க் என்று எங்கே 15 ஆம்பியர் பிளக் கிடைத்தாலும் முதலில் மூன்று விளக்கு டெஸ்டரைச் சொருகி எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் சார்ஜரின் ஃபில்டர் வழியாகவே வண்டி உடம்பில் வோல்ட் ஏறும். செருப்புப் போட்டு ஏறுகிற நமக்குச் சுரீர் என்றுகூட இருக்காது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று இரும்புப் படியில் மூக்கை வைக்கும் நாய்க்கு நேராக அடிக்கும். திடீரென்று படியேற மறுக்கும் நாயை அதட்டாதீர்கள், ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை எடுத்து வண்டி உடம்பில் வையுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். கூடவே 2 அடிச் செம்புக் கம்பி ஒன்று, ஈர மண்ணில் அடித்து வண்டி உடம்போடு இணைக்க. ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தக் கம்பி போதும், இல்லாமல் கம்பி மட்டும் அடித்துப் பயனில்லை.

லாஸ்பேட்டை வேன்

படி விஷயம் யோசித்தே பார்க்கவில்லை. டாக்டர், ஊசி, மருந்து எப்போது தொடங்க வேண்டும்? ஓடும்போது கொஞ்சம் எச்சில் வடிக்கிற நாய்.

மாட்டாஸ்பத்திரி

நவம்பரிலேயே. கடைசி வாரம் என்று வைத்தால் வடகிழக்குப் பருவமழை குறுக்கே வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு தெருவே வெள்ளமாகக் கிடந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். எலிக்காய்ச்சல் தடுப்பு தவறிப் போயிருந்தால் ஒரு டோஸ் போதாது, 2 முதல் 4 வாரத்தில் இன்னொன்று. வெறிநோய் ஊசி புதிதாகப் போடுவதென்றால் 21 நாளாவது இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். குறும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வழக்கமான மருத்துவர் என்றாலும் சரி, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். தட்டணு குறைவாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருக்கலாம். பயணக் களைப்பில் மூக்கில் ரத்தமாக வெளியே தெரியும்.

உண்ணிக்கு: ஃப்ளூரலானர் மாத்திரை ஒன்று 12 வாரம் தாங்கும், 40 நாளுக்குத் தாராளம். அஃபாக்சோலானர் என்றால் மாதம் ஒன்று, நடுவில் ஒன்று கையில். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைகளைத் தவிர்த்து மருத்துவர் வேறு சொல்வார். கிளம்பும் அன்று கொடுக்காதீர்கள், 10 நாள் முன்னால் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் பாருங்கள். மாத்திரை போட்டாலும் இரவில் விரல் இடுக்கு, காது மடல், வாலடி தடவிப் பார்க்க வேண்டும்.

எச்சில் வடிவது குமட்டலின் முதல் படி. சாப்பாடு ஓட்டத்துக்கு 4 மணி நேரம் முன்பு. மாரோபிடன்ட் நல்ல மருந்து. பயண வாந்திக்கான அளவு சாதாரண வாந்திக்கான அளவைவிட அதிகம் என்பதால் எடை பார்த்து எழுதி வாங்குங்கள். ஓட்டத்துக்கு 2 மணி நேரம் முன், ஒரு வாய் உணவோடு.

பெட்டியில்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், போவிடோன் அயோடின், ஒட்டும் பேண்டேஜ், உண்ணி எடுக்கும் கொக்கி, சலைன் பாட்டில், மருத்துவர் எழுதிய மருந்தளவுத் தாள். நமக்கு வைத்திருக்கும் வலி மாத்திரை நாய்க்குக் கிடையாது, கால் மாத்திரைகூட. இபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கிவிடும்.

தண்ணீர்: கிலோவுக்கு 50, 60 மி.லி. உங்கள் நாய்க்கு ஒன்றரை லிட்டர், வெயில் நாளில் 3 லிட்டர். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறினால் வயிறு இளகும். 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றி, முதல் வாரம் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

பாகூர் நாட்டுநாய்

தீனி: 26 கிலோ லாபுக்கு நாளைக்கு 300, 350 கிராம் உலர் தீனி, 40 நாளுக்கு 14 கிலோ வரை. ஒரே மூட்டையாக வேண்டாம், 3 கிலோ பைகளாக. திறந்த பை நம்ம கடலோர ஈரத்தில் இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தாபாக்காரர் அன்பாக நீட்டும் பிரியாணி மிச்சத்தை வாங்காதீர்கள். வெங்காயம், வெந்த எலும்பு இரண்டும் அதில் இருக்கும்.

பழக்கம் நாலு வாரமாவது. முதல் வாரம் கூண்டுக்குள் சாப்பாடு, கதவு திறந்தபடி, இன்ஜின் அணைந்தபடி. இரண்டாம் வாரம் இன்ஜின் ஓட, வண்டி நிற்க. எக்ஸாஸ்ட், பம்ப், ரிவர்ஸ் பீப் எல்லாச் சத்தமும் அப்போதே. மூன்றாவது வாரம் காலாப்பட்டு வரை போய் வருவது. நாலாவது வாரம் திண்டிவனம், செஞ்சி போய் ஒரு இரவு வண்டியிலேயே தூக்கம். கூண்டுக்குள் தூங்கிவிட்டால் பாஸ். இரைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

நாய் தொலைவது பெரும்பாலும் காட்டில் இல்லை, டீசல் பங்க்கில். கதவு திறந்த ஒரு நொடி. சறுக்குக் கதவுக்கு உள்ளே குழந்தைகளுக்கு வைக்கிற மாதிரி 80 செ.மீ. கேட் ஒன்று போடுங்கள். கயிறு மாட்டிய பிறகுதான் கதவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், நாளைக்கு 250 கி.மீ.க்கு மேல் வேண்டாம். முதலில் மனிதர் இறங்கி பங்க் நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு உங்கள் ஆள் இறங்கட்டும்.

நெல்லிக்குப்பம் 31

காகிதம். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மாற்றமாகத்தான் பார்க்கும். அனுமதி வாங்கிவிட்டு வேலை செய்வதுதான் முறை. நீங்கள் தலைகீழாக முடித்திருந்தால் உடனே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். கேரவன்களுக்கான தரம் ஏ.ஐ.எஸ்.-124, பட்டறைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். ஆர்.சி. மாறியதும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் விபத்து அன்று கட்டிலைக் காட்டித்தான் கிளெய்மை மறுப்பார்கள்.

தொட்டி நிரப்பி, சாமான் ஏற்றி, ஆட்களும் நாயும் உட்கார்ந்து, எடை மேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். மொத்தம் மட்டும் போதாது, முன் சக்கரம் தனி, பின் சக்கரம் தனி. ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்டினால் முதலில் தொட்டியைப் பாதியாக்குங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. டீசலைப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், எல்லை தாண்டினால் விலை கூடும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாய்க்கு: தடுப்பூசிப் புத்தகம், மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று, நகராட்சி உரிமம், தெளிவான போட்டோ இரண்டு. எல்லாம் பிளாஸ்டிக் கவரில், போனிலும்.

ஊட்டி: நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம், 2024 மே முதல். பந்திப்பூர், முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். உள்ளே நிறுத்துவதோ நாயை இறக்குவதோ கூடாது. காட்டுக்குள் நுழையும் முன்பே நாயை நடக்கவிட்டுக் கூட்டிப் போங்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிய டிராவலருக்கு வேண்டாம், கூடலூர் வழி போங்கள். நம்ம கடலூர் இல்லை!

லாஸ்பேட்டை வேன்

ஆர்.டி.ஓ. வேலையை இந்த வாரமே பார்க்கிறேன். கட்ச் பக்கம் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது?

மாட்டாஸ்பத்திரி

இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும், நலியா பக்கம் இன்னும் குளிர். லாபுக்குப் பரவாயில்லை, ஆனால் தகரத் தரையில் நேராகப் படுக்கக் கூடாது, 2 அங்குல ஃபோம் போடுங்கள். வெள்ளை ரண் எனும் உப்புவெளியில் உப்பு மேலே பளபளப்பாக இருந்தாலும் விளிம்பு கத்தி மாதிரி. கால் நனைந்து உப்பு ஏறினால் நக்கி நக்கி வாந்தி, பேதி. பத்து நிமிடம் நடந்தால் போதும், வண்டி ஏறும் முன் நல்ல தண்ணீரில் நாலு பாதமும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்துவிடுங்கள்.

பாகூர் நாட்டுநாய்

தேதியையும் பாருங்கள். ஜனவரி 14 உத்தராயணம். குஜராத் முழுக்கப் பட்டம். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் மரத்திலும் சாலையோரத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும். பாதத்தில் சுற்றினால் சதை வரை அறுக்கும், விழுங்கினால் குடலைச் சுருட்டும். அந்த நாட்களில் சூரத், அகமதாபாத்தில் நாயை இறக்காதபடி பாருங்கள். 12க்குள் அகமதாபாத்தைத் தாண்டிவிடலாம், அல்லது மகாராஷ்டிராவிலேயே நின்று 20க்குப் பிறகு உள்ளே போகலாம்.

முதுநகர் பட்டறை

வாயில் நூல் நுனி தொங்கினால் இழுக்காதீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள் டாக்டர்.

மாட்டாஸ்பத்திரி

ஆமாம். இழுத்தால் உள்ளே குடல் அறுபடும். தொங்கும் பகுதியை நாய் மேலும் விழுங்காதபடி கழுத்தில் கூம்பு போட்டு அப்படியே மருத்துவரிடம். ஆசனவாயில் தொங்கினாலும் இதேதான்.